பையில் இடம் ஒரு பொம்மைக்குத்தான்: ‘பிங்க் ராபிட்’ நாவலைப் பிள்ளைகளோடு வாசிக்க ஒரு வழிகாட்டி

ஜூடித் கெர் எழுதிய ‘வென் ஹிட்லர் ஸ்டோல் பிங்க் ராபிட்’ நாவலை முதல் தடவை எங்கள் அடுக்ககத்துப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டியபோது நன்றாகவே சொதப்பினேன். ஹிட்லர் என்ற பெயர் தலைப்பிலேயே இருக்கிறதே, பின்னணி தெரியாமல் எப்படி என்று முதல் சனிக்கிழமை முழுவதும் லேப்டாப்பில் படம் காட்டினேன். வதை முகாம், ரயில் பெட்டி, முள்வேலி எல்லாம். அன்று இரவே ஒரு அம்மா போன் செய்தார். “பையன் தூங்கவே இல்லைங்க, லைட்ட அணைக்க விட மாட்டேங்கிறான்.” அது போதாதென்று மூன்றாவது வாரம் இன்னொரு பையன் கேட்டான்: “ஆன்ட்டி, எப்ப எல்லாரையும் கொல்லுவாங்க?”

அவன் மேல் தப்பில்லை. கொலை வரப்போகிறது என்று நான்தான் அவனை எதிர்பார்க்க வைத்திருந்தேன். நாவலில் முகாமுக்குள் ஒரு காட்சிகூடக் கிடையாது. ஒரு குடும்பம் பெர்லினிலிருந்து கிளம்புகிறது, ஸ்விட்சர்லாந்தில் தங்குகிறது, பாரிஸில் தங்குகிறது, கடைசியில் லண்டன் போகிறது. கதை அவ்வளவுதான். அதில் என்ன இருக்கிறது என்று பிள்ளைகள் கண்டுபிடிக்க விட்டிருக்க வேண்டும். அடுத்த முறை வேறு பிள்ளைகளோடு, வேறு மாதிரி செய்தேன். அந்த இரண்டாவது தடவையை வைத்து எழுதியதுதான் இது. வீட்டில் ஒரே ஒரு பிள்ளைக்கு வாசிப்பவர்களுக்கும் ஏழெட்டுப் பேரை உட்கார வைத்து வாசிப்பவர்களுக்கும் இதே முறை போதும். வயது ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நீங்கள் தனியாகப் படியுங்கள்

பிள்ளைகள் நாவல்தானே, கூடவே படித்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். இரண்டு மூன்று இடங்கள் எதிர்பாராமல் வந்து அடிக்கும். அங்கே உங்கள் குரல் தடுமாறினால் பிள்ளைகள் அதைத்தான் பார்ப்பார்கள், கதையைப் பார்க்க மாட்டார்கள். ஆங்கிலம் எளிமையாகத்தான் இருக்கிறது. ஒரு வாரத்தில் முடித்துவிடலாம்.

படிக்கும்போது மனதில் வைத்துக்கொள்ள வேண்டியது, இது பெரும்பாலும் நடந்த கதை. ஒன்பது வயது அன்னா, ஜூடித் கெர்தான். அண்ணன் மாக்ஸ், அவருடைய அண்ணன் மைக்கேல். பேர்பெற்ற எழுத்தாளராக வரும் அப்பா, ஆல்ஃபிரெட் கெர். பெர்லினில் அந்தக் காலத்தில் அவர் நாடக விமர்சனம் எழுதினால் நாடகக்காரர்களுக்கு வயிற்றைக் கலக்கும் என்பார்கள். யூதர். நாஜிகளைப் பகிரங்கமாகத் தாக்கி எழுதியவர். இரண்டில் ஒன்றே போதும், இரண்டும் சேர்ந்திருந்தது. அம்மா யூலியா இசையமைப்பாளர்.

ஜூடித் 1923இல் பெர்லினில் பிறந்தார், 2019இல் லண்டனில் இறந்தார். நாவல் 1971இல் வந்தது. அவர் இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் ஒரு சினிமா. நாஜிகளிடமிருந்து ஒரு குடும்பம் தப்பிக்கும் ‘சவுண்ட் ஆஃப் மியூசிக்’ படத்தைப் பார்த்துவிட்டு, அப்போது சிறுவனாக இருந்த அவருடைய மகன், அம்மா சின்னப் பிள்ளையாக இருந்தபோது எப்படி இருந்தது என்று இப்போது தெரிந்துவிட்டது என்றானாம். மலைமேல் பாட்டுப் பாடிக்கொண்டே தப்பித்தது போலவா இருந்தது என்று அம்மாவுக்குத் தோன்றாமல் இருக்குமா? இந்தச் சேதியைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், ஆனால் கடைசி நாளில். முதலிலேயே சொன்னால், ‘அப்ப அவங்க தப்பிச்சிட்டாங்க’ என்று கணக்குப் போட்டுவிடுவார்கள்.

வரலாறு ஒரு போஸ்ட்கார்டு அளவுக்கு

பெரியவரான உங்களுக்கு நான்கு தேதிகள் தெரிந்தால் போதும். எல்லாம் 1933. ஜனவரி 30, ஹிட்லர் ஜெர்மனியின் சான்சலர் ஆகிறார், அதாவது பிரதமர் பதவி மாதிரி. பிப்ரவரி 27, பெர்லினில் நாடாளுமன்றக் கட்டடம் தீப்பிடிக்கிறது. மறுநாளே அதைச் சாக்காக வைத்துப் பேச்சுரிமை, எழுத்துரிமை எல்லாம் முடக்கப்படுகின்றன. மார்ச் 5, தேர்தல். மே 10, எழுத்தாளர்களின் புத்தகங்களை மாணவர்களே நடுச்சதுக்கத்தில் போட்டு எரிக்கிறார்கள். அந்தத் தீயில் ஆல்ஃபிரெட் கெரின் புத்தகங்களும் இருந்தன.

பிள்ளைகளுக்கு இதில் ஒன்றை மட்டும் சொல்லிவிட்டுத் தொடங்கலாம்: “ஒரு ஊர்ல எலக்‌ஷன் வரப்போகுது. ஒருத்தர் ஜெயிச்சா அன்னாவோட அப்பாவ ஜெயில்ல போட்டுடுவாங்க.” இவ்வளவுதான். ஆறு வார்த்தை கூடச் சொன்னாலும் பாடம் எடுக்கிற தோரணை வந்துவிடும்.

நாவலுக்குள்ளேயே இந்தத் தேர்தல் எப்படி வருகிறது பாருங்கள். காய்ச்சலில் படுத்திருக்கும் அப்பாவுக்கு ஒரு போலீஸ்காரர் ரகசியமாகப் போன் செய்து, உங்கள் பாஸ்போர்ட்டைப் பறிக்கப்போகிறார்கள் என்கிறார். அப்பா காய்ச்சலோடு அன்று இரவே எல்லையைத் தாண்டுகிறார். தேர்தலுக்குச் சற்று முன் அம்மாவும் பிள்ளைகளும் கிளம்புகிறார்கள். தேர்தல் முடிந்த மறுநாள் காலையில் பாஸ்போர்ட்டுகளைப் பிடுங்க வீட்டுக்கு ஆட்கள் வருகிறார்கள், வீட்டில் யாரும் இல்லை. கொஞ்சம் தாமதித்திருந்தால்? இந்த இடத்தில் வாசிப்பதை நிறுத்திவிட்டுச் சும்மா இருங்கள். யாராவது ஒரு பிள்ளை விரல் விட்டுக் கணக்குப் போடும்.

பையைக் கட்டச் சொல்லுங்கள்

முதல் அமர்வில் புத்தகத்தைத் திறக்கவே வேண்டாம். ஒவ்வொருவரும் ஒரு ஸ்கூல் பையைக் காலி செய்து கொண்டுவரச் சொல்லுங்கள். “நாளைக்குக் காலையில ஊரை விட்டுப் போறோம். யார்கிட்டயும் சொல்லக் கூடாது. துணி போக ஒரே ஒரு பொருள்தான் வைக்கலாம்.” வீட்டுக்குப் போய் எடுத்து வர இருபது நிமிஷம் கொடுங்கள்.

நாவலில் அன்னாவுக்கும் இதே சிக்கல்தான். ஒரு பக்கம் வருஷக்கணக்காகக் கூடத் தூங்கிய இளஞ்சிவப்பு முயல். சாயம் போய், கண்கள் விழுந்து, வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஹைம்பி நூலால் தைத்துக் கொடுத்த கண்களோடு இருப்பது. இன்னொரு பக்கம் புதிதாகப் பரிசு வந்த கம்பளி நாய், இன்னும் சரியாக விளையாடக்கூட இல்லை. கொஞ்ச நாளில் திரும்பி வந்துவிடுவோமே, முயல் வீட்டிலேயே இருக்கட்டும் என்று நாயை எடுத்து வைக்கிறாள். திரும்பவே இல்லை. வீட்டிலிருந்த எல்லாவற்றையும் நாஜிகள் எடுத்துக்கொண்டார்கள். தன்னுடைய முயலை ஹிட்லர் கட்டிக்கொண்டு படுத்திருப்பது போல் அன்னா நினைத்துப் பார்ப்பதிலிருந்து வந்ததுதான் தலைப்பு.

எங்கள் குழுவில் ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி ஜியாமெட்ரி பாக்ஸைக் கொண்டு வந்து வைத்தாள். எடுத்தாள். சாயம் போன ஒரு துணி யானையை வைத்தாள். பிறகு யானையை எடுத்துவிட்டு மறுபடி பாக்ஸை வைத்தாள். ஜிப்பை இழுக்கப் போனவள் நிறுத்திவிட்டு, “ஆன்ட்டி, எத்தனை நாள்ல திரும்பி வருவோம்?” என்றாள். நான் பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்விக்கு அன்னாவுக்கும் சரியான பதில் கிடைக்கவில்லை. நாள் தெரிந்தால்தான் என்ன எடுப்பது என்று தெரியும், நாள் யாருக்கும் தெரியாது. அடுத்த வாரம் அந்தப் பக்கத்தை வாசித்தபோது அவள் தரையைப் பார்த்துக்கொண்டு, “நாய எடுத்திருக்கக் கூடாது” என்று முணுமுணுத்தாள். நாவலுக்குள் போவதற்கு இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியவில்லை.

ஒரு எச்சரிக்கை. குழுவில் நிஜமாகவே இடம்பெயர்ந்து வந்த குடும்பத்துப் பிள்ளை இருந்தால் இந்த விளையாட்டைத் திடீரென்று வைக்காதீர்கள். முன்கூட்டியே பெற்றோரிடம் பேசுங்கள், பிள்ளையிடமும் கேளுங்கள். எங்களிடம் ஒரு பையன் வந்துகொண்டிருந்தான். அவனுடைய பாட்டி 1990இல் மன்னார் பக்கத்திலிருந்து படகில் வந்தவர். எல்லாரும் பையோடு வந்தபோது அவன் வெறுங்கையோடு வந்து உட்கார்ந்தான். “பாட்டி ஒரு சொப்பிங் பைதான் கொண்டு வந்தாங்களாம். அதுல சர்டிபிகேட்டுங்க மட்டும்தான் இருந்துச்சாம்” என்றான். சொப்பிங் பை பாட்டியின் சொல், சர்டிபிகேட்டு அவனுடையது. பொம்மையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த மற்ற பிள்ளைகள் அதற்கப்புறம் தங்கள் பையை வேறு மாதிரி பார்த்தார்கள். நான் அதைத் திட்டமிட்டு நடத்தவில்லை. அவன் அன்று பேசாமலே இருந்திருந்தாலும் சரிதான்.

சுவரில் ஒரு வரைபடம்

ஐரோப்பா வரைபடம் ஒன்றைப் பெரிதாகப் பிரின்ட் எடுத்துச் சுவரில் ஒட்டுங்கள். குண்டூசிகளும் ஒரு நூல்கண்டும் போதும். பெர்லினில் ஒரு ஊசி. குடும்பம் நகர நகர நூலும் நகரட்டும்: ஜூரிக், ஜூரிக் ஏரிக்கரைக் கிராமம், பாஸல், பாரிஸ், லண்டன். ஊசியைக் குத்தும் வேலையைப் பிள்ளைகளிடமே விடுங்கள், முறை வைத்துக்கொண்டு சண்டை போடட்டும்.

பாஸல் வரும்போது மட்டும் நீங்கள் விழிப்பாக இருக்க வேண்டும். பாரிஸ் போக ரயில் மாற வேண்டிய ஊர் அது. நேரம் இல்லை, போர்ட்டர் ஒருவர் அவசர அவசரமாகச் சாமான்களை ஒரு ரயிலில் ஏற்றிவிடுகிறார். ரயில் கிளம்பப் போகிற நேரத்தில் பெட்டியில் மாட்டியிருக்கும் பலகையை அன்னா கவனிக்கிறாள். ஸ்டுட்கார்ட்! அதாவது ஜெர்மனிக்குள் போகிற ரயில். அலறி அடித்துக்கொண்டு இறங்குகிறார்கள். அப்பாவின் தலைக்கு ஆயிரம் மார்க் விலை வைத்திருக்கிற நாடு அது. இந்த இடத்தில் நூலை பாஸலிலிருந்து ஸ்டுட்கார்ட் வரை சும்மா ஒருமுறை இழுத்துக் காட்டிவிட்டு விடுங்கள். போர்ட்டர் தெரியாமல் செய்தாரா, வேண்டுமென்றே செய்தாரா என்று எங்கள் பிள்ளைகள் அரை மணி நேரம் சண்டை போட்டார்கள். நான் எந்தப் பக்கமும் சேரவில்லை.

தலைக்கு விலை என்றேன் அல்லவா, அதையும் அன்னாவின் கண்ணால்தான் பார்க்க வேண்டும். அப்பாவை ஒரு அறையில் உட்கார வைத்து மேலிருந்து ஆயிரம் நாணயங்களைக் கொட்டி மூச்சு முட்ட வைப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு இரவெல்லாம் பயப்படுகிறாள். பிள்ளைகள் இதற்குச் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். ‘தலைக்கு விலை வைப்பது’ என்பதை நீங்கள் இடையில் புகுந்து விளக்க வேண்டாம், விளக்கம் கதையிலேயே வருகிறது.

எந்த மொழியில் வாசிப்பது?

நான் ஒரு பத்தியை ஆங்கிலத்தில் வாசித்துவிட்டு அடுத்ததைத் தமிழில் கதையாகச் சொல்வேன். பிறகு மறுபடி ஆங்கிலம். பேச்சு வரும் இடங்களை மட்டும் எப்போதும் தமிழில். சொல்லுக்குச் சொல் மொழிபெயர்க்க உட்கார்ந்தால் நாக்கு காய்ந்துவிடும். ஆங்கிலத்தில் சுலபமாகப் படிக்கும் பிள்ளை இருந்தால் ஒரு பக்கம் அதன் கையில் கொடுங்கள், ஒரு பக்கம் மட்டும். வகுப்பு நடக்கிற மாதிரி ஆகிவிடக் கூடாது.

பெயர்கள் தொல்லை தரும். ஜெர்மன் பெயர்களில் ‘ஜே’ எழுத்து வந்தால் ‘ய’ என்று சொல்லிவிடுங்கள். அப்படித்தான் ‘யூலியஸ்’. ‘ஓன்கெல் யூலியஸ்’ என்றால் யூலியஸ் அங்கிள். சொந்த மாமா இல்லை, அப்பாவின் பழைய நண்பர். அப்பாவின் சிநேகிதரை மாமா என்று கூப்பிடும் வீடு நம் ஊரில் எத்தனை இருக்கிறது, இதை விளக்கவே வேண்டாம். ஓமாமா, தாய்வழிப் பாட்டி. இந்தப் பெயரைக் கேட்டதும் எல்லாப் பிள்ளைகளும் ஒரு வாரத்துக்குத் தங்கள் பாட்டியை அப்படித்தான் கூப்பிடுவார்கள், தயாராக இருங்கள்.

பாரிஸ் பகுதியில் வரும் ‘கான்சியர்ஜ்’ என்ற அம்மாள் அடுக்கக வாசலில் குடியிருந்துகொண்டு எல்லார் வரவு போக்கையும் பார்க்கிறவர். எங்கள் பிள்ளைகள், “வாட்ச்மேன் மாமி” என்றார்கள். போதும். அன்னா எழுதும் ‘செர்திஃபிகா தெத்யூத்’ அந்தக் காலத்தில் பிரான்ஸில் ஆரம்பப் பள்ளி முடிக்கும்போது எழுதிய அரசுத் தேர்வு. இதற்கும் நீளமாக விளக்கம் வேண்டாம், அரசுத் தேர்வு என்றாலே நம் பிள்ளைகளுக்கு முகம் மாறிவிடும்.

நான்கு ஊர், நான்கு அமர்வா?

இல்லை. பெர்லினுக்கு ஒரு வாரம் போதும். ஸ்விட்சர்லாந்துக்கு இரண்டு. பாரிஸுக்கு நான்கு வாரமாவது வேண்டும், நாவலின் கனம் அங்கேதான் இருக்கிறது. லண்டன் கடைசிச் சில பக்கங்கள்தான்.

ஸ்விட்சர்லாந்து பகுதியை ஆசுவாசமாக வாசிக்கலாம். ஏரிக்கரை விடுதி, விடுதிக்காரரின் பிள்ளைகள், கிராமத்துப் பள்ளிக்கூடம். பையன்கள் அன்னாவைப் பார்த்தால் கையில் கிடைத்ததை எடுத்து எறிகிறார்கள். அடிக்கிறார்களோ என்று பயந்தால், அந்த ஊரில் அதுதான் பிரியத்தைக் காட்டும் முறையாம்! எங்கள் குழுவில் இதற்கு வந்த சிரிப்பு அடங்கப் பத்து நிமிஷம் ஆனது. ஆனால் அந்தச் சிரிப்புக்குப் பக்கத்திலேயே ஒன்று இருக்கிறது. விடுமுறைக்கு அதே விடுதிக்கு ஒரு நாஜிக் குடும்பம் ஜெர்மனியிலிருந்து வருகிறது. அன்னாவோடும் மாக்ஸோடும் விளையாடக் கூடாது என்று தங்கள் பிள்ளைகளைத் தடுத்துவிடுகிறார்கள். விடுதிப் பிள்ளைகள் யாரோடு விளையாடுவது என்று தடுமாறுகிறார்கள். கம்பியோ துப்பாக்கியோ இல்லை, யாரும் கத்தவில்லை. ‘அவங்களோட சேராதே’ என்று ஒரு சொல்தான். இந்தச் சொல்லை எங்கேயாவது கேட்டிருக்கிறீர்களா என்று நீங்கள் கேட்க வேண்டாம். பிள்ளைகள் தாங்களாகவே கேட்பார்கள். எங்கள் குழுவில் ஒருத்தி தன் கிராமத்தில் எந்தத் தெருவுக்கு விளையாடப் போகக் கூடாது என்று அப்பத்தா சொன்னதைச் சொன்னாள். அந்த வாரம் அதற்குமேல் ஒரு பக்கம்கூட வாசிக்கவில்லை.

பாரிஸில் பணம் இல்லை. ஜெர்மன் மொழியில் எழுதுகிறவருக்கு ஜெர்மனிக்கு வெளியே யார் சம்பளம் கொடுப்பார்கள்? ஸ்விட்சர்லாந்துப் பத்திரிகைகள் நமக்கேன் வம்பு என்று ஒதுங்கிவிட்டன. பாரிஸில் நாடு விட்டு வந்தவர்கள் நடத்தும் ஜெர்மன் பத்திரிகை ஒன்று கொஞ்சம் கொடுக்கிறது. வீட்டு வேலையே தெரியாமல் வளர்ந்த அம்மா சமைக்கப் பழகுகிறாள், துணி தைக்கப் பழகுகிறாள். வாடகை தாமதமானதும் அந்த வாசல் அம்மாள், உங்களை மாதிரி ஆட்களைத் துரத்திவிட்டது சரிதான் என்கிற மாதிரி ஹிட்லரையே துணைக்கு இழுத்துப் பேசிவிடுகிறாள். இந்த வரியை மெதுவாக வாசியுங்கள். ஓடி வந்த இடத்திலும் அந்தப் பெயர் பின்னால் வந்து நிற்கிறது.

மொழிதான் இங்கே இன்னொரு பாடு. அன்னாவுக்குப் பிரெஞ்சு ஒரு வார்த்தை தெரியாது. வகுப்பில் மாதக்கணக்காகத் தலைக்குள் மொழிபெயர்த்து மொழிபெயர்த்துப் பேசுகிறாள். ஒருநாள் யோசிக்காமலே பிரெஞ்சு வாயில் வந்துவிடுகிறது. எப்படி வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. தமிழ் மீடியத்திலிருந்து ஆங்கில மீடியத்துக்கு மாறிய பிள்ளை உங்கள் குழுவில் இருந்தால் இந்தப் பக்கத்தை அந்தப் பிள்ளையை வாசிக்கச் சொல்லுங்கள். மாக்ஸ் வேறு வழி எடுக்கிறான். நடை, உடை, தலைமுடி எல்லாம் பிரெஞ்சுப் பையனைப் போலவே ஆகிவிட வேண்டும் அவனுக்கு. இருவரில் யார் செய்வது சரி என்று பட்டிமன்றம் வைக்கலாம், நாங்கள் வைத்தோம், மாக்ஸ் கட்சி ஜெயித்தது. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

யூலியஸ் வரும் வாரம்

இந்த நாவலில் பிள்ளைகளோடு வாசிக்கக் கஷ்டமான இடம் இதுதான். இதைத் தாண்டிக் குதித்துவிடலாமா என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. வேண்டாம்.

யூலியஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் வேலை பார்ப்பவர். விலங்குகள் என்றால் உயிர். ஜெர்மனியில் எதுவும் பெரிதாக நடந்துவிடாது, இதெல்லாம் கொஞ்ச நாளில் அடங்கிவிடும் என்று சொல்லிக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டவர். அவருடைய பாட்டிமாரில் ஒருவர் யூதர். அது போதும், வேலை போகிறது. இருந்தாலும் மிருகக்காட்சிசாலைக்குப் போய்வரப் பாஸ் இருக்கிறது, போய்க் குரங்குகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் அந்தப் பாஸையும் பிடுங்கிக்கொள்கிறார்கள். அதற்குப் பிறகு அவர் உயிரை முடித்துக்கொள்கிறார். சேதி பாரிஸுக்கு வருகிறது.

இதை வாசிப்பதற்கு முந்தைய வாரமே பெற்றோருக்குச் சொல்லிவிடுங்கள். “இந்த வாரம் கதையில் ஒருவர் தற்கொலை செய்துகொள்வார், வீட்டில் பிள்ளை ஏதாவது கேட்டால் பதில் சொல்லுங்கள்” என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி போதும். வாசிக்கும்போது சொல்லை மாற்றாதீர்கள். ‘சாமிகிட்ட போயிட்டார்’ மாதிரிச் சமாளிப்பு பத்து வயதில் செல்லாது. எப்படி என்ற விவரத்துக்குள் போக வேண்டாம். ஏன் என்று கேட்டால் கதைக்குள்ளேயே நின்று, “அவருக்கு ரொம்பப் பிடிச்சதையெல்லாம் ஒவ்வொண்ணா எடுத்துக்கிட்டாங்க, உதவி கேட்கவும் பக்கத்துல யாரும் இல்லாம போயிட்டாங்க” என்று சொல்லலாம். கூடவே, மனசு தாங்க முடியாமல் போனால் நம்மிடம் சொல்ல ஆள் உண்டு என்பதையும் அவர்களுக்குச் சொல்லுங்கள். யாரிடம் சொல்வாய் என்று ஒவ்வொருவரையும் ஒரு பெயர் சொல்லச் சொல்லுங்கள். அன்று வேறு விளையாட்டு, கேள்வி எதுவும் வேண்டாம். சுண்டலோ பிஸ்கட்டோ இருந்தால் கொடுத்து அனுப்புங்கள்.

எங்கள் பிள்ளைகளுக்கு வேலை போனது உறைக்கவில்லை. குரங்கைப் பார்க்க விடாததுதான் உறைத்தது. “ஜூவுக்குப் போனா யாருக்கு என்ன நஷ்டம்?” என்று ஒருவன் கோபமாகக் கேட்டான். முதல் தடவை நான் காட்டிய அத்தனை படமும் அவன் வயதுப் பிள்ளைகளிடம் இப்படி ஒரு கேள்வியைக் கொண்டுவரவில்லை.

அகதி என்ற சொல்

நாவலில் அன்னா, மாக்ஸ் இருவருக்கும் தாங்கள் ‘ரெஃப்யூஜி’ என்பது முதலில் சுவாரசியமாகத்தான் இருக்கிறது. இதைத் தமிழில் சொல்லும்போது நம் சொல் கொஞ்சம் உரசும். ஆங்கிலச் சொல்லில் புகலிடம் இருக்கிறது. நம் ‘அகதி’யில் கதி இல்லாமை இருக்கிறது. ஈழத்து எழுத்துகளில் ‘ஏதிலி’ என்றும் பார்த்திருப்பீர்கள். தமிழ்நாட்டில் ‘அகதிகள் முகாம்’ என்று சொல்லிவந்ததை 2021இல் ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று அரசே மாற்றியது. ஒரு சொல்லை மாற்ற ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்று பெரிய பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். நான் மன்னார்ப் பாட்டியின் பேரனிடம் வாசிக்கும்போது எந்தச் சொல்லைச் சொல்லட்டும் என்று தனியாகக் கேட்டேன். “அன்னான்னே சொல்லுங்க” என்றான். அதற்கப்புறம் அப்படித்தான் சொல்கிறேன்.

அப்பாவும் அன்னாவும் பேசிக்கொள்ளும் இரண்டு இடங்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, யூதர்களைப் பற்றி நாஜிகள் பொய் பரப்புவதால் நாம் மற்றவர்களைவிடக் கூடுதல் நேர்மையாக, கூடுதல் உழைப்போடு இருந்து காட்ட வேண்டும் என்று அப்பா சொல்வது. எனக்கு இதில் ஒரு நெருடல் உண்டு. தப்பு செய்யாதவர்கள் ஏன் நிரூபிக்க வேண்டும்? பிள்ளைகளிடம் அதை மறைக்காமல் சொன்னேன், பாதிப் பேர் அப்பா பக்கம் நின்றார்கள். இன்னொன்று, நாம் எந்த ஊரையாவது சொந்த ஊர் என்று சொல்லிக்கொள்ள முடியுமா என்று அன்னா கேட்கும் இடம். அப்பாவின் பதிலை இங்கே எழுத மாட்டேன், நீங்களே வாசித்துக்கொள்ளுங்கள்.

லண்டனும் அதற்கப்புறமும்

நெப்போலியனின் தாயைப் பற்றி அப்பா எழுதிய திரைக்கதையை இங்கிலாந்தில் ஒருவர் ஆயிரம் பவுண்டுக்கு வாங்கிக்கொள்கிறார். அதை நம்பித்தான் கடைசிப் பயணம். அதற்குமுன், பெற்றோர் லண்டன் போகட்டும், பிள்ளைகள் பாட்டியிடம் இருக்கட்டும் என்று ஒரு பேச்சு வரும். ஏழையாக இருந்தாலும் எந்த ஊராக இருந்தாலும் நால்வரும் சேர்ந்து இருந்தால் போதும் என்கிறாள் அன்னா. கடைசி ஊசியை லண்டனில் குத்தும்போது போவ்ரில் விளம்பரப் பலகையை மறக்காதீர்கள். மாட்டிறைச்சிச் சாறு விற்கும் கம்பெனி அது. ரயிலிலிருந்து எங்கு பார்த்தாலும் அந்தப் பெயரே தெரிவதால் அதை ஊர்ப் பெயர் என்று நினைத்துக்கொள்கிறாள் அன்னா. எங்கள் பிள்ளைகள் திருச்சி போகும் பஸ்ஸில் சிமென்ட் விளம்பரத்தை ஊர்ப் பெயராகப் படித்த கதையை அன்றுதான் அவிழ்த்துவிட்டார்கள்.

கடைசி வாரம் வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு கேள்வி கேட்டு வரச் சொல்லுங்கள்: “எப்பவாவது எதையாவது விட்டுட்டு வந்தீங்களா?” எங்களுக்குப் பர்மாவிலிருந்து 1942இல் நடந்து வந்த கொள்ளுத்தாத்தாவின் கதை ஒன்று வந்தது. அணை கட்டியபோது மூழ்கிய ஊர் ஒன்று வந்தது. கல்யாணமாகி வந்தபோது அம்மா வீட்டிலேயே விட்டுவந்த பூனை ஒன்றும் வந்தது. எதையும் சின்னது பெரியது என்று தரம் பிரிக்கவில்லை.

திரைப்படம் இருக்கிறது, கரோலினே லிங்க் இயக்கி 2019இல் ஜெர்மனியில் வந்தது. புத்தகம் முடிந்த பிறகு காட்டுங்கள், முன்னால் காட்டினால் அன்னாவின் முகம் பிள்ளைகளின் கையை விட்டுப் போய்விடும். கதை தொடர்ந்து இன்னும் இரண்டு நாவல்களாகவும் வந்திருக்கிறது, இதோடு சேர்த்து மூன்று. இரண்டாவதில் லண்டன்மேல் குண்டு விழுகிறது. மாக்ஸை ‘எதிரி நாட்டான்’ என்று இங்கிலாந்தே பிடித்து அடைக்கிறது. பதின்மூன்று பதினான்கு வயதுக்கு அது சரியாக இருக்கும். மூன்றாவது 1956இல் பெர்லினுக்குத் திரும்பிப் போகும் கதை, அம்மாவின் தற்கொலை முயற்சியை ஒட்டி நடப்பது. அது பெரியவர்களுக்கான புத்தகம், உங்களுக்காக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சுவரில் ஒட்டிய வரைபடத்தை நாங்கள் இன்னும் எடுக்கவில்லை. நூல் கொஞ்சம் தொய்ந்துவிட்டது. அந்தத் துணி யானைப் பெண் போகும்போதும் வரும்போதும் லண்டன் ஊசியை அழுத்திவிட்டுப் போகிறாள்.